காலாவதி ஆகாத அனுமதி

“ஃபார்மேட் போட்டாத்தான் சரியாவும்ணா.”

திரையில் பெட்டி பெட்டியாக விளம்பரம் முளைக்கிறது என்று கணினியைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போகிறவருக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். சொல்பவரைக் குறை சொல்வதற்கில்லை. கடையில் இன்னும் நான்கு கணினிகள் காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து காரணம் தேட அவருக்கு நேரமிருக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் எந்தக் கோளாறும் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஆனால் கோளாறோடு கல்யாணப் போட்டோக்களும், ஸ்கேன் செய்து வைத்த பத்திரமும், பிள்ளையின் புராஜெக்டும் போய்விடுகின்றன. நகல் எடுத்து வைக்கும் கவனம் எல்லாக் கடைகளிலும் இருக்காது. அப்படிப் பறிகொடுத்த குடும்பங்களை நினைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். வீட்டுக் கணினிகளைப் படுத்தும் இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குப் பின்னால் வைரஸே கிடையாது. வீட்டில் யாரோ எப்போதோ விவரம் தெரியாமல் கொடுத்த ஓர் அனுமதிதான் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிவிட்டால் பெட்டி நின்றுவிடும்.

உத்திரமேரூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்து மேசையில் ஒரு லேப்டாப். மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தது. பல கிராம வீடுகளுக்குள் முதலில் வந்த கணினி அதுதான். மகன் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். இப்போது அதைத் தொடுவது அப்பாவும் தங்கையும். அப்பாவுக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். தங்கைக்கு மே மாதம் பரீட்சை ரிசல்ட். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாக ஒரு புதுப் படம்.

பெட்டி முளைக்க வைப்பவர்கள் காத்திருக்கும் இடங்களும் இவைதான். தேடுபொறியில் ‘பட்டா சிட்டா’ என்று தட்டினால் அரசின் தளத்தோடு, அதைப் போலவே தோற்றம் காட்டும் வேறு பக்கங்களும் வரக்கூடும். ரிசல்ட் நாளில் அரசுத் தளம் நெரிசலில் திணறும்போது, ‘இங்கே உடனே பார்க்கலாம்’ என்று அழைக்கும் பக்கங்களுக்கு மவுசு கூடுகிறது. திருட்டுப் படத் தளங்கள் தனி ரகம். தமிழ்ராக்கர்ஸ் போன்ற தளங்களுக்கு மரியாதையான எந்த நிறுவனமும் விளம்பரம் தராது. ஆகவே அவை அறிமுகமில்லாத விளம்பர வலையமைப்புகளிடம் தம் பக்கத்தை ஒப்படைத்துவிடுகின்றன. படத்தின் பெயரைச் சொடுக்கினால் பின்னால் இன்னொரு ஜன்னல் சத்தமில்லாமல் திறக்கிறது. படம் இலவசம் என்று நினைக்கிறோம். அந்தச் சொடுக்குகளை விற்றுத்தான் அந்தத் தளம் பிழைக்கிறது.

சொல்லாமல் திறக்கும் ஜன்னலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பத்தே நாளில் உருவாக்கினார். ஒரு வலைப்பக்கம் தானாகப் புதிய ஜன்னலைத் திறக்க, அந்த மொழியில் ஒற்றைக் கட்டளை போதும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மன் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார். ஆபாசமான ஒரு பக்கத்தில் தன் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு பெரிய கார் நிறுவனம் கொதித்தது. விளம்பரத்தைப் பக்கத்துக்குள் வைக்காமல் தனி ஜன்னலில் காட்டினால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போல இருக்கும் என்று அவர் யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் பாப்-அப். 2014-இல் அவரே ஒரு கட்டுரையில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வருவதற்கு முன்பே பிரவுசர்கள் விழித்துக்கொண்டன. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் தடுப்பு வந்துவிட்டது. பயனர் எதையாவது சொடுக்கினால் மட்டுமே புதிய ஜன்னல் திறக்கலாம் என்பதே அன்று முதல் பொது விதி. திருட்டுப் படத் தளங்கள், பக்கத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அதைச் சொடுக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருப்பது இந்த விதியைத் தாண்டத்தான்.

அந்த ஜன்னல்கள் எரிச்சல் தருபவை. ஆனாலும் தளத்தை மூடினால் போய்விடுபவை. எந்தத் தளமும் திறந்திராதபோது திரையின் வலது கீழ் மூலையில் எழும்பும் பெட்டிதான் இன்றைய வீட்டுக் கணினியின் பெரிய தொல்லை. ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’, ‘ஆன்டிவைரஸ் சந்தா இன்றோடு முடிகிறது’, ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று நிமிடத்துக்கு ஒன்றாக வரும். “தம்பி, நான் ஒண்ணையுமே தொடலப்பா, அதுவா வருது” என்று அந்த அப்பா கடைக்காரரிடம் சொல்வது சத்தியமான வார்த்தை. அன்றைக்கு அவர் எதையும் தொடவில்லை. தொட்டது சில வாரங்களுக்கு முன்பு.

2015 ஏப்ரலில் வந்த குரோம் 42-ஆம் பதிப்பு, வலைத்தளங்கள் அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. நோக்கம் நல்லதுதான். மின்னஞ்சல் வந்தால், நாளிதழில் அவசரச் செய்தி இருந்தால், தளத்தைத் திறந்து வைக்காமலே தெரிந்துகொள்ளலாம். இதற்குத் தளம் ஒரு முறை அனுமதி கேட்கும். ‘அலோ’, ‘பிளாக்’ என்று இரண்டு பொத்தான்கள். அலோவை அழுத்திய நொடியில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலில், அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று பிரவுசருக்குள் நிரந்தரமாகக் குடியேறுகிறது. சர்வீஸ் வொர்க்கர் என்று அதற்குப் பெயர். அடுத்து, உங்கள் பிரவுசருக்கென்று ஒரு தனி முகவரியும் ஒரு சாவியும் உருவாகின்றன. மூன்றாவதாக, அந்த முகவரி தளத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. அதன்பின் தளம் செய்தியை நேராக உங்களுக்கு அனுப்புவதில்லை. குரோம் என்றால் கூகுளின் சர்வருக்கும், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொசில்லாவின் சர்வருக்கும் அனுப்புகிறது. பிரவுசர் அந்தச் சர்வரோடு எப்போதும் ஒரு தொடர்பை வைத்திருப்பதால் செய்தி அங்கிருந்து உடனே வந்துவிடுகிறது. தூங்கும் சர்வீஸ் வொர்க்கர் விழித்து, விண்டோஸிடம் சொல்லி, மூலையில் பெட்டியைக் காட்டவைக்கிறது.

இரவெல்லாம் கணினி அணைந்திருந்தால் செய்திகள் சர்வரில் தேங்கி நிற்கும். காலையில் பிரவுசரைத் திறந்ததும் ஏழெட்டுப் பெட்டிகள் மொத்தமாகக் கொட்டுவது அதனால்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காகச் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டு வருவதால், நடுவில் இருக்கும் கூகுளாலும் மொசில்லாவாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. நம் அந்தரங்கத்தைக் காக்கும் அதே உறைக்குள்தான் பரிசு மோசடியும் பத்திரமாகப் பயணம் செய்கிறது.

ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வதும் இதனால்தான். அது சொல்வது சரி. டிஸ்கில் கெட்ட கோப்பு எதுவும் இல்லை. இருப்பது பிரவுசரின் அமைப்புகளில் ஒரு வரி: இன்ன தளம், அனுமதி உண்டு.

அந்த அனுமதியை வாங்கும் தந்திரங்கள் சில. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலோவை அழுத்தவும்.’ ‘வீடியோவைப் பார்க்க அலோவை அழுத்தவும்.’ ‘பதிவிறக்கம் தயார், அலோவை அழுத்தவும்.’ ரிசல்ட்டுக்காகத் துடித்துக்கொண்டிருக்கும் பெண் அழுத்தத்தான் செய்வாள். எனக்கு அவள்மேல் எந்தக் குறையும் தோன்றவில்லை. எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் மறைத்துக் கேட்டவர்கள்மேல்தான் முழுப் பழியும். அழுத்திய பிறகு அவளுடைய பிரவுசர் முகவரி ஒரு சரக்கு. அதற்கு விளம்பரம் அனுப்பும் உரிமையை வலையமைப்புகள் வாங்கி விற்கின்றன.

உத்திரமேரூர் வீட்டை வைத்துக்கொண்டு அனுமதியைப் பற்றிப் பேசும்போது அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் விதிகளை அங்கே கல்லில் வெட்டியது. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை முறை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒருவருக்குக் கொடுத்த பொறுப்பு எப்போது முடிகிறது என்பதில் அந்தச் சபை காட்டிய கண்டிப்பு. ஏரி வாரியமானாலும் தோட்ட வாரியமானாலும் 360 நாள்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. அண்மையில் வாரியத்தில் இருந்தவரும் மூன்று ஆண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பிரவுசரில் அறிவிப்பு அனுமதியை வடிவமைத்தவர்கள் கேட்கும் முறையைப் பற்றி யோசித்தார்கள். முடியும் முறையைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு முறை அழுத்திய அலோ, யாராவது போய் நீக்கும்வரை ஆண்டுக்கணக்கில் செல்லுபடியானது. மெள்ளத்தான் திருந்தினார்கள். 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும், அடுத்த மாதம் குரோமும், கண்ட தளமெல்லாம் குதித்து வந்து அனுமதி கேட்பதை அடக்க வழி செய்தன. நெடுநாள் எட்டிப் பார்க்காத தளங்களின் அறிவிப்பு அனுமதியைக் குரோமே தானாக நீக்கும் என்று கூகுள் அறிவித்தது 2025 அக்டோபரில்தான்.

இனி கையில் எடுக்க வேண்டிய வேலை. முளைக்கும் பெட்டியைச் சொடுக்காமல் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் பயமுறுத்தும் வாசகம் இருக்கும். அதற்குக் கீழேயோ மேலேயோ, மங்கலான சின்ன எழுத்தில், குரோம் என்ற பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். வைரஸ் எச்சரிக்கையை உண்மையில் விண்டோஸ் தந்திருந்தால் அங்கே தள முகவரி இருக்க வேலையில்லை. அந்த முகவரிதான் குற்றவாளி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குரோமின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாக உள்ளே போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அதை முதல் தடவை பார்க்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த, வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள புள்ளிகளைச் சொடுக்கி ‘பிளாக்’ கொடுங்கள். ‘ரிமூவ்’ கொடுத்தாலும் பெட்டி நிற்கும். ஆனால் அடுத்த முறை அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது. அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடும் வழியும் இருக்கிறது. பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்து வைப்பதையே நான் சொல்வேன். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே பட்டியல் உண்டு. போனில் உள்ள குரோமிலும் உண்டு. அங்கேயும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஹிஸ்டரியை அழித்துப் பார்த்தேன், நிற்கவில்லை என்பார்கள். நிற்காது. பார்த்த பக்கங்களின் பட்டியல் வேறு, கொடுத்த அனுமதிகளின் பட்டியல் வேறு. குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் போகாமல் இருக்கலாம். நீக்கும்போது, உலாவிய தரவுகளையும் அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதைத் தேர்வு செய்யாவிட்டால் பழைய அமைப்புகள் டிஸ்கிலேயே தங்கி, புதிய குரோமுக்கு வந்து சேரும்.

அனுமதிப் பட்டியல் சுத்தமாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் அடுத்த சந்தேகம், பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலான எக்ஸ்டென்ஷன். நீங்கள் பார்க்கும் நல்ல தளங்களிலேயே புதிதாக விளம்பரம் முளைப்பதும், தேடினால் கூகுளுக்குப் பதில் வேறு ஏதோ பக்கம் வருவதும் இதன் அடையாளம். எக்ஸ்டென்ஷன்களில் பல, எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கிக்கொள்கின்றன. நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறலாம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற பிரபலமான ஒன்று 2020-இல் வேறு ஆளுக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. நிறுவியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நிறுவியது நினைவில் இல்லாத எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் நீக்கிவிடுங்கள். ஃபார்மேட் போட்டும் சில நேரம் தொல்லை திரும்புவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது: புதிய விண்டோஸில் கூகுள் கணக்கால் உள்ளே நுழைந்ததும், கணக்கோடு சேர்த்து வைக்கப்பட்ட பழைய எக்ஸ்டென்ஷன்கள் தாமாக வந்து உட்கார்ந்துவிடும்.

நீக்கும் பொத்தானே வேலை செய்யாமல், குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் அது வேறு கதை. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? அலுவலகங்களுக்கென்று வைத்த கொள்கை வசதியைப் பயன்படுத்தி, ஏதோ ஒரு நிரல் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியைக் கொண்டுவரும் என்பதால் உடனே பதற வேண்டாம். அப்படி ஒன்றும் நிறுவவில்லை என்றால், கணினிக்குள் ஒரு விளம்பர நிரல் இருக்கிறது என்று அர்த்தம். இலவச வீடியோ பிளேயர், பிடிஎஃப் மாற்றி, கிராக் செய்த மென்பொருள் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வருபவை இவை. 2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்ற இத்தகைய நிரல் உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் இருப்பதாகவும், அதில் இரண்டரைக் கோடிக்கு மேல் இந்தியாவில் என்றும் மதிப்பிட்டது. எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், அது நுழைந்த வழி இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டதுதான். கன்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்து, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றை நீக்குங்கள். பிறகு மால்வேர்பைட்ஸ் தரும் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவியை ஓட்டலாம். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது தள முகவரி தொங்குகிறதா என்றும் பாருங்கள். மணிக்கொரு தரம் தானாகவே பிரவுசர் திறந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட அச்சமூட்டுவது திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் சிவப்புப் பக்கம். சைரன் சத்தம், மைக்ரோசாஃப்ட் சின்னம், உடனே அழைக்கச் சொல்லி ஒரு எண். ‘உங்கள் ஐபி முகவரி இது, ஊர் சென்னை’ என்றுகூட எழுதியிருக்கும். உத்திரமேரூர்க்காரருக்கு அந்தச் சென்னை ஒரு துப்பு. எந்தத் தளமானாலும் வருகிறவரின் ஐபி முகவரி அதற்குத் தெரியும்; அதை வைத்து இணைய நிறுவனத்தின் ஊரை ஊகித்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வலைப்பக்கம் பிரவுசரின் வேலிக்குள் ஓடுவது. உங்கள் டிஸ்கைத் தானாகத் திறந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை. அப்படிச் சொல்லும் பக்கம் பொய் சொல்கிறது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் மிகப் பணிவாகப் பேசுவார். எனிடெஸ்க் போன்ற ஒரு நிரலை நிறுவச் சொல்லி உங்கள் கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். இது பெருந்தொழில். மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களையும் கையில் எடுத்து, 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடக்கம். போலி எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டி வெளிநாட்டு முதியவர்களை அழைக்க வைத்த கால் சென்டர்கள் அதில் சிக்கின. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கிகளை நிறுத்தச் சொல்லத்தான் அந்த எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

2024 முதல் பரவியிருக்கும் ஒரு வகையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ரோபோ இல்லை என்று காட்ட விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர்’ என்று பக்கம் சொல்லும். இதைச் செய்கிறவர், அந்தப் பக்கம் ரகசியமாக நகலெடுத்து வைத்த கட்டளையைத் தம் கையாலேயே விண்டோஸுக்குள் ஓடவிடுகிறார். வேலியைத் தாண்ட முடியாத வலைப்பக்கம் பயனரின் கையைக் கொண்டே தாண்டிவிடுகிறது. உள்ளே நுழைவது பெரும்பாலும் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல். இதைச் செய்துவிட்டவருக்கு நான் மேலே சொன்ன சாந்தமான வைத்தியம் போதாது. இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போட்டோக்களையும் ஆவணங்களையும் நகலெடுத்த பின் கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஃபார்மேட் நியாயமான வைத்தியம் ஆகும் இடம் இதுதான்.

உத்திரமேரூர் வீட்டு லேப்டாப்புக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதன் வயது ஒரு பிரச்சினை. முதல் ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரியோடு அதற்கு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நின்றது. அதில் ஓடும் கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பிரவுசரில் அனுமதிப் பட்டியலைக் கையால் சுத்தம் செய்யலாம். தானாக நீக்கும் புதிய ஏற்பாடு அங்கே வந்து சேராது. அன்றைய லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதே பழைய இயந்திரத்தில் இன்றைக்கு வரும் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றி, புதிய ஃபயர்ஃபாக்ஸையும், விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினையும் போட்டு, நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் புதிய வேண்டுகோள்களை மறுக்கும் கட்டத்தைத் தேர்வு செய்து கொடுத்தால், பட்டா பார்க்கவும் ரிசல்ட் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். முதல் பக்கத்திலேயே அரசுத் தளங்களைப் புக்மார்க்காக வைத்துவிடுங்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்றோ ‘என்ஐசி டாட் இன்’ என்றோ முடிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். தேடுபொறிக்குப் போகாமல் நேரே அங்கே போகிறவரிடம் அலோ கேட்க அந்தப் போலிப் பக்கங்களுக்குச் சந்தர்ப்பமே கிடைக்காது.